காலி அண்டாவுக்கும் ஒரு பங்கு

டீ ஆறுவதற்குள் ஒரு சின்னக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். இந்த டம்ளரில் இருக்கும் தண்ணீர் சாந்தோமுக்கு எங்கிருந்து வந்தது? நாம் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து கடல் கூப்பிடு தூரம். இங்கே பல வீடுகளில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். துணி அலசலாம், டீ போட முடியாது. ஆகவே டீக்கான தண்ணீர் மெட்ரோ வாட்டர் குழாயில் வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் லாரியில் வந்திருக்க வேண்டும். அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தால் செம்பரம்பாக்கம், புழல், சோழவரம், பூண்டி என்று ஏரிகள் வரும். இன்னும் தள்ளிப் போனால் கடலூர் மாவட்டத்து வீராணம் வரும், ஆந்திரத்தின் கண்டலேறு வரும். எல்லாம் வழியில் கலந்துவிடுவதால், டம்ளரில் இருப்பது எந்த ஏரித் தண்ணீர் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இந்த ஏரிகளையும் அணைகளையும் கட்டுவதற்கும் காப்பாற்றுவதற்கும் ஆகும் செலவை யார் எந்த விகிதத்தில் ஏற்க வேண்டும் என்பதுதான் இன்று நாம் பார்க்கப்போவது. நம் வீட்டுக்கு வரும் ரசீதில் இதற்கு விடை கிடையாது. வீட்டின் ஆண்டு மதிப்பை வைத்து ஒரு வரி, அதோடு ஒரு கட்டணம், அவ்வளவுதான். பெரும்பாலான வீடுகளில் மீட்டரே இல்லை. ஏரியின் கரையையும் மதகையும் நீர்வளத் துறை பார்த்துக்கொள்கிறது. தண்ணீரைச் சுத்திகரித்து அனுப்புவதைக் குடிநீர் வாரியம் பார்த்துக்கொள்கிறது. அணைக்கு இவ்வளவு என்று ஒரு வரி நம் கண்ணில் படுவதே இல்லை.

எங்கள் குடியிருப்பில் ஒரு பெரியவர் இருக்கிறார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கணக்கில் கெட்டி. ஒரு நாள் மாடிப்படியில் இந்தப் பேச்சு வந்தபோது, “இதுல என்ன சார் கஷ்டம்? யார் எவ்வளவு தண்ணி எடுக்கிறாங்களோ அதுக்குத் தக்க செலவைப் போட்டுக்கட்டும். மளிகைக் கடையில அரிசி வாங்கற மாதிரிதானே?” என்றார். அவர் மட்டும் இல்லை, நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். கேட்டவுடன் நியாயமாகத் தோன்றுவதுதான் இந்த யோசனையின் பலம். ஆனால் அணை விஷயத்தில் எல்லாரும் தடுக்கி விழும் இடமும் இதுவே. ஏன் என்று மெதுவாகப் பார்ப்போம்.

வீட்டில் ஒரு பெரிய பித்தளை அண்டா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோடையில் அதை நிரம்ப நிரப்பி வைக்கிறோம். இரண்டு நாள் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் சமாளிக்கலாம். மழைக்காலத்தில் கூரை ஒழுகுகிறது. அதே அண்டாவை ஒழுகும் இடத்துக்குக் கீழே வைக்கிறோம். அப்போது அது காலியாக இருந்தால்தான் பயன். நிரம்பிய அண்டாவை வைத்தால் சொட்டுகிற தண்ணீரெல்லாம் கூடத்தில்தான் ஓடும். இரண்டு வேலையையும் செய்வது ஒரே அண்டா. ஒரு வேலைக்கு அது நிறைந்திருக்க வேண்டும், இன்னொன்றுக்கு வெறுமையாக இருக்க வேண்டும்.

இப்போது மளிகைக் கடைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒழுகலுக்காக அண்டாவைக் கேட்பவர் அதிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர்கூட எடுப்பதில்லை. எடுக்கும் தண்ணீரை வைத்துப் பங்கு பிரித்தால் அவர் பங்கு பூஜ்யம். ஆனால் அவருக்கும் சேர்த்துத்தான் அண்டாவை இவ்வளவு பெரிதாக வாங்கினோம். நீர்த்தேக்கம் நமக்குக் கொடுப்பவற்றில் தண்ணீர் ஒன்று. மழை நாளில் வந்ததைக் கோடை வரை வைத்திருக்கும் காலம் இன்னொன்று. வேண்டும்போது கட்டாயம் கிடைக்கும் என்ற உறுதி மற்றொன்று. வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் வெற்றிடம் நான்காவது. தண்ணீரை மட்டும்தான் லிட்டரில் அளக்கலாம். மற்ற மூன்றுக்கும் அந்தப் படி உதவாது.

இந்த அண்டா கற்பனை இல்லை. நம் ஊரில் அதன் பெயர் செம்பரம்பாக்கம். நகரத்துக்கு மேற்கே சுமார் 25 கிலோமீட்டரில், நூற்றாண்டுகளாகச் சுற்றுவட்டார வயல்களுக்குத் தண்ணீர் கொடுத்துவந்த பாசன ஏரி அது. ஏரியை நம்பிய நிலத்தை ஆயக்கட்டு என்பார்கள். மதகைத் திறந்தால் வாய்க்கால் வழியாகத் தண்ணீர் போகும் நிலம். பிறகு நகரம் வளர்ந்தது, ஏரி குடிநீருக்குத் திரும்பியது. 2007-ல் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் அங்கே இயங்கத் தொடங்கியது. ஏரியின் முழு ஆழம் 24 அடி. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அதாவது மூன்றரை டி.எம்.சி.க்குச் சற்று மேல். டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் லாரியில் ஒரு டி.எம்.சி.யைக் கொண்டுவர வேண்டுமென்றால் 23 லட்சம் நடைக்கும் மேல் ஆகும்.

பாசனம், குடிநீர் போக, வெள்ளத் தடுப்பு என்ற மூன்றாவது உபயோகத்தை நாம் 2015 டிசம்பர் வெள்ளத்தில்தான் உணர்ந்தோம். செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் சேர்கிறது. அந்த ஆறு மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று வந்து, சாந்தோமுக்குத் தெற்கே பட்டினப்பாக்கத்தை அடுத்த சீனிவாசபுரத்தின் ஓரமாகக் கடலில் இறங்குகிறது. டிசம்பர் 1-ஆம் தேதி ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டது. வழியில் இருந்த மற்ற ஏரிகளின் உபரியும், அன்று கொட்டிய மழையும் அதோடு சேர்ந்துகொண்டன. ஏரியை நிர்வகித்த விதம் பற்றித் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை பின்னர் கடுமையாகவே எழுதியது. அன்றிரவு ஆற்றங்கரையில் இருந்தவர்களுக்கு அந்த ஏரியிடம் வேண்டியிருந்தது இடம். ஒரு டி.எம்.சி. அளவுக்குக் காலி இடம் இருந்திருந்தால் எவ்வளவோ உதவியிருக்கும்.

அதன் பிறகு வந்த பல மழைக்காலங்களில் ஏரியை 24 அடிக்கு ஏறவிடாமல் 21, 22 அடியிலேயே நிறுத்தி, மேலே வருவதைத் திறந்துவிடுகிறார்கள். இரண்டு அடிதானே என்று தோன்றலாம். மேல்மட்டத்தில் ஏரி பரந்து கிடப்பதால் அந்த இரண்டு அடியில் ஏறத்தாழ அரை டி.எம்.சி. அடங்கும். சென்னைக்கு நாளொன்றுக்கு நூறு கோடி லிட்டர் விநியோகம் என்று வைத்தால் அது நகரம் முழுவதற்கும் இரண்டு வாரக் குடிநீர். நம் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. கோடைக்காக நிரப்ப வேண்டிய வாரங்களும், வெள்ளத்துக்காகக் காலியாக வைக்க வேண்டிய வாரங்களும் ஒன்றேதான். 2019 ஜூனில் நகரத்தின் ஏரிகள் வறண்டு, குடத்தோடு வரிசையில் நின்றவர்களுக்கு இரண்டு வாரத் தண்ணீரின் மதிப்பு தெரியும். இத்தனைக்கும் அந்த இரண்டு வாரத்தை வெள்ளப் பாதுகாப்புக்கு ஆன செலவு என்று எந்தக் கணக்கிலும் எழுதிப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. எழுத வேண்டும் என்பது என் கட்சி.

சரி, லிட்டர் கணக்கு உதவாது என்றால் எப்படித்தான் பிரிப்பது? ஏரியை விட்டு ஒரு நிமிடம் ஆட்டோவுக்கு வருவோம். நீங்களும் நானும் சாந்தோமில் ஒரே ஆட்டோ பிடிக்கிறோம். நீங்கள் அடையாறில் இறங்க வேண்டும், நான் திருவான்மியூர் போக வேண்டும். தனியாகப் போனால் உங்களுக்கு 100 ரூபாய், எனக்கு 160 ரூபாய். சேர்ந்து போனால் மொத்தமே 160 ரூபாய்தான் என்று வைப்போம். நூறு ரூபாய் மிச்சம். அந்த மிச்சம் யாருடையது?

முதலில், ஒவ்வொருவருக்காக மட்டும் கூடுதலாக ஆகும் செலவைப் பார்ப்போம். நான் வராவிட்டால் ஆட்டோ அடையாறோடு நின்றிருக்கும். 60 ரூபாய் குறைந்திருக்கும். ஆக அந்த 60 எனக்கே உரியது, அதை உங்கள் தலையில் கட்ட முடியாது. நீங்கள் வராவிட்டாலோ ஒரு பைசா குறையாது, ஆட்டோ எப்படியும் அந்த வழியாகத்தான் போகும். உங்களுக்கே உரிய செலவு பூஜ்யம். மீதி 100 ரூபாய் இருவருக்கும் பொது. அதை எப்படிப் பிரிப்பது? தனியாகப் போயிருந்தால் ஆகியிருக்கும் செலவிலிருந்து அவரவருக்கே உரியதைக் கழித்துப் பார்க்கிறோம். உங்களுக்கு 100-லிருந்து 0 போக 100. எனக்கு 160-லிருந்து 60 போக 100. இரண்டும் சமம், ஆகவே பொதுச் செலவும் பாதிப் பாதி. நீங்கள் 50, நான் 110. இருவருமே தனியாகப் போவதைவிடக் குறைவாகக் கொடுக்கிறோம். யாரும் முகம் சுளிக்கத் தேவையில்லை.

அணைகளுக்குப் பல நாடுகளில் பொறியாளர்கள் போடுவது சற்றேறக்குறைய இதே கணக்குதான். நமக்குப் பழகுவதற்காக நூறு கோடி ரூபாயில் ஒரு கற்பனை அணை கட்டுவோம். மூன்று பேர் சேர்கிறார்கள்: நகரக் குடிநீர், பாசனம், வெள்ளத் தடுப்பு. தனித்தனியாகக் கட்டியிருந்தால் நகரத்துக்கு 65 கோடி, பாசனத்துக்கு 45 கோடி, வெள்ளத் தடுப்புக்கு 30 கோடி ஆகியிருக்கும். நகரம் சேராவிட்டால் கூட்டு அணையில் 25 கோடி குறைந்திருக்கும், பாசனம் சேராவிட்டால் 20 கோடி, வெள்ளத் தடுப்பு சேராவிட்டால் 15 கோடி. இவை அவரவருக்கே உரியவை; மொத்தம் 60 கோடி. மீதி 40 கோடி பொது.

ஆட்டோவில் செய்ததையே இங்கும் செய்கிறோம். தனிச் செலவிலிருந்து உரியதைக் கழித்தால் நகரத்துக்கு 40, பாசனத்துக்கு 25, வெள்ளத் தடுப்புக்கு 15, கூட்டினால் 80. பொதுச் செலவான 40 அதில் பாதி. ஆகவே ஒவ்வொருவருக்கும் அதில் பாதியைச் சேர்க்கிறோம். முடிவில் நகரம் 45 கோடி, பாசனம் 32.5 கோடி, வெள்ளத் தடுப்பு 22.5 கோடி. ஒரு சொட்டுத் தண்ணீரும் எடுக்காத வெள்ளத் தடுப்பின் மேல் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாகச் செலவு விழுந்திருப்பதைக் கவனியுங்கள். எங்கள் பெரியவரிடம் இதை ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, “அப்ப காலியா இருக்கறதுக்கும் வாடகை உண்டு” என்றார். அதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

தனியாகப் போனால் என்ன ஆகும் என்ற எண் கற்பனையாகத் தோன்றலாம். நம் ஊரில் அது கண்ணுக்குத் தெரிகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்கித் தென்சென்னைக்கு அனுப்புகிறார்கள். 2024-ல் அதன் அருகிலேயே நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் அளவில் இரண்டாவது நிலையமும் வந்தது. ஏரியோடு எந்தக் கூட்டும் வேண்டாம், தனியாகவே போகிறேன் என்று நகரம் சொன்னால் ஆகும் செலவு அங்கே எழுதப்பட்டிருக்கிறது. ஏரிக்காக நகரத்திடம் அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை, அது உச்சவரம்பு.

இதெல்லாம் புத்தகக் கணக்கு இல்லையா என்று கேட்பீர்கள். இந்தியாவில் இது சட்டமாகவே இருக்கிறது. 1943-ல் தாமோதர் நதியில் பெருவெள்ளம் வந்தது. அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தை முன்மாதிரியாக வைத்து 1948-ல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகச் சட்டம் இயற்றப்பட்டது. பாசனம், மின்சாரம், வெள்ளத் தடுப்பு என்று மூன்று நோக்கங்கள். ஒரு நோக்கத்துக்கு மட்டுமே ஆன செலவை அதன் மேலேயே எழுது. பொதுவான செலவை, ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மதிப்பிட்டு, அதில் ஏற்கெனவே எழுதியதைக் கழித்து, அந்த விகிதத்தில் பிரி என்கிறது அதன் 33-வது பிரிவு. நம் ஆட்டோவேதான்.

அடுத்து வரும் பிரிவுகள் இன்னும் சுவையானவை. பாசனத்தின் பங்கில் பொதுவான பகுதியை, உறுதியளிக்கப்பட்ட ஆண்டுத் தண்ணீரின் அளவுப்படி மாநிலங்கள் பிரித்துக்கொள்ள வேண்டும். பெரியவரின் மளிகைக் கடைக் கணக்குக்கும் ஓர் இடம் இருக்கிறது பாருங்கள், ஒரே உபயோகத்துக்குள் பிரிக்கும்போது அது பொருந்துகிறது. மின்சாரத்தின் பங்கை, கழகத்தில் சேர்ந்த மூன்று அரசுகளும் சமமாக ஏற்க வேண்டும். வெள்ளத் தடுப்பில் 14 கோடி ரூபாய் வரை மத்திய அரசும் மேற்கு வங்கமும் பாதிப் பாதி, அதற்கு மேல் ஆவது முழுக்க மேற்கு வங்கத்துக்கு. கீழே இருப்பது வங்கம், நனைவதும் வங்கம் என்பது காரணம். கணக்கு ஓரளவுக்குத்தான் வழிகாட்டும், அதன் பிறகு பேசி முடிவெடுக்க வேண்டும் என்பதை அந்தச் சட்டம் ஒளிக்கவில்லை. டென்னசியிலும் இதே சிக்கல்தான். மின்சாரத்தின் பங்கைக் குறைத்தும் வெள்ளத் தடுப்பின் பங்கைக் கூட்டியும் எழுதினால் மின்சாரம் மலிவாகத் தெரியும். தனியார் மின் நிறுவனங்கள் அதைத்தான் சொல்லிச் சண்டை பிடித்தன.

இவ்வளவும் அணை கட்டும் நாளில் போடும் கணக்கு. கட்டி முடித்த பிறகு ஊர் மாறுகிறது, பயிர் மாறுகிறது, மழைகூட மாறுகிறது. கணக்கு மட்டும் பழைய பைலில் அப்படியே இருக்கிறது. தாமோதரில் எட்டு அணைகள் திட்டமிட்டு முதலில் நான்குதான் கட்டினார்கள்: திலையா, கோனார், மைத்தோன், பஞ்சேத். வெள்ளத்துக்காக ஒதுக்க நினைத்த இடத்தில் ஒரு பகுதிக்கு நிலமே எடுக்கப்படவில்லை. ஆலைகளும் அனல் மின் நிலையங்களும் நகரங்களும் தண்ணீர் கேட்டு வந்துகொண்டே இருந்தன. அண்டாவின் அளவு அதேதான், சொம்போடு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள்.

புதிதாக வருகிறவர் என்ன கொடுக்க வேண்டும்? இதைப் பற்றி யோசிக்க வீராணத்தைவிட நல்ல இடம் இல்லை. சோழர் காலத்து ஏரி அது. கல்கியின் பொன்னியின் செல்வன் தொடங்குவது அதன் கரையில்தான் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாற்று வழியாகத் தண்ணீர் வருகிறது. சுமார் 45,000 ஏக்கர் அதை நம்பி இருக்கிறது. 2004 முதல் 230 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டுச் சென்னைக்கு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரை எடுக்கிறோம். நகரம் செய்த செலவு குழாய்க்கும் இயந்திரங்களுக்கும் சுத்திகரிப்புக்கும் ஆனது. ஏரியோ ஆயிரம் வருடத்துக்கு முன்பே கட்டியாகிவிட்டது. “கட்டின செலவு எப்பவோ முடிஞ்சுபோச்சே, இப்ப யாருக்கு என்ன கொடுக்கணும்?” என்பது அடுத்து வரும் வாதம்.

முன்பு சொன்ன தவறான எண்ணத்தின் தம்பி இது. பழைய ஏரி என்றால் இலவச ஏரி என்று நினைத்துக்கொள்கிறோம். கட்டிய செலவு கடந்துபோயிருக்கலாம். விட்டுக்கொடுக்கும் செலவு ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வருகிறது. ஏரியில் தண்ணீர் குறைந்த வருடத்தில் மதகா, சென்னைக் குழாயா என்று யாரோ முடிவெடுக்கிறார்கள். குழாய் என்று முடிவானால் கடைமடை விவசாயியின் ஒரு போகம் போகிறது. அந்த நெல்லின் விலை குடிநீரின் அடக்கவிலையில் சேர வேண்டியது. விவசாயி அணைக்காகப் பெரிதாக ஒன்றும் கட்டவில்லையே, தீர்வை சொற்பம்தானே என்றும் கேட்பார்கள். குடிமராமத்து என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். ஊருக்கு ஊர் ஆள் அனுப்பி, வாய்க்கால் தூர் வாரி, கரை உயர்த்தி, ஏரிகளை உயிரோடு வைத்திருந்தவர்கள் அந்த ஆயக்கட்டுக்காரர்கள்தான். உழைப்பாகக் கொடுத்ததும் பங்குதான்.

அமெரிக்காவில் அணைகளைப் பராமரிக்கும் ராணுவப் பொறியாளர் படைக்கு இதற்கென ஒரு விதி உண்டு. வேறு காரியத்துக்கு வைத்திருந்த இடத்தை ஒரு நகரம் குடிநீருக்குக் கேட்டால், நான்கு கணக்குப் போடுவார்கள்: பழைய உபயோகக்காரர் இழக்கும் நன்மை, அரசு இழக்கும் வருமானம், இழந்ததை வேறு வழியில் ஈடுகட்ட ஆகும் செலவு, அந்த இடத்தைக் கட்டிய செலவின் இன்றைய மதிப்பு. நான்கில் எது பெரிதோ அதைத்தான் கேட்பார்கள். பிந்தி வந்தவருக்குச் சலுகை கிடையாது. எனக்கு இந்த விதி பிடித்திருக்கிறது. நிறைந்த பந்தியில் இடம் கேட்பவர், எழுந்து இடம் விடுபவரின் பசியைப் பற்றி விசாரிக்க வேண்டுமல்லவா?

விசாரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அட்லாண்டா நகரம் சாட்சி. அங்கே 1950-களில் சட்டஹூச்சி ஆற்றில் பியூஃபோர்ட் அணை கட்டினார்கள். செலவில் பங்கு தருகிறீர்களா என்ற பேச்சு 1948-ல் வந்தபோது, எங்களுக்குத் தண்ணீருக்குக் குறைவில்லை என்று மேயர் ஹார்ட்ஸ்ஃபீல்ட் மறுத்துவிட்டார். வெள்ளத் தடுப்பு, படகுப் போக்குவரத்து, மின்சாரம் என்று மூன்றுக்காக அணை எழுந்தது. நகரம் வளர்ந்தது, அந்தத் தேக்கத்தையே குடிக்க ஆரம்பித்தது. கீழே இருந்த மாநிலங்கள் வழக்குப் போட்டன. 2009-ல் ஒரு நீதிபதி, குடிநீர் இந்த அணையின் நோக்கங்களில் இல்லை என்று தீர்ப்பளித்தபோது லட்சக்கணக்கானோரின் குழாய் கேள்விக்குறியானது. 2011-ல் மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறி நகரம் தப்பியது. தொடக்கத்தில் பங்கு கொடுத்துப் பெயரை எழுதி வைத்திருந்தால் அத்தனை வருட வழக்கு தேவைப்பட்டிருக்காது.

சென்னை அந்தத் தவற்றைக் கிருஷ்ணா நதித் தண்ணீர் விஷயத்தில் செய்யவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 1976-ல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தங்கள் கிருஷ்ணா பங்கிலிருந்து தலா 5 டி.எம்.சி. சென்னைக்கு விட்டுத்தர ஒப்புக்கொண்டன. 1983-ல் ஆந்திரத்தோடு ஒப்பந்தம் ஆனது. வழியில் 3 டி.எம்.சி. ஆவியாகவும் கசிவாகவும் போய்விடும் என்று கழித்து, ஆண்டுக்கு 12 டி.எம்.சி. எல்லைக்கு வர வேண்டும்: ஜூலையிலிருந்து அக்டோபர் வரை 8, ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை 4. அதே கண்டலேறும் கால்வாய்களும் நெல்லூர், சித்தூர், கடப்பா பக்கத்து வயல்களுக்கும் உரியவை என்பதால் தமிழ்நாடு தன் பங்குச் செலவைக் கொடுக்க ஏற்றது. கண்டலேற்றிலிருந்து எல்லைக்கு 152 கிலோமீட்டர், அங்கிருந்து பூண்டிக்கு 25 கிலோமீட்டர். 1996-ல் முதல் தண்ணீர் வந்தது.

வந்தபோதும் 12 டி.எம்.சி. முழுதாக வரவில்லை, பெரும்பாலான வருடங்களில் அதைவிட வெகு குறைவு. கால்வாய்க் கரைகள் சரிந்து, சத்ய சாயி அறக்கட்டளையின் பணத்தில் செப்பனிட வேண்டியிருந்தது. கண்டலேற்றிலிருந்து திருப்பதிக்கும் இப்போது குடிநீர் போகிறது. அங்கேயும் உபயோகம் மாறிக்கொண்டிருக்கிறது. “வராத தண்ணிக்கு எதுக்குப் பணம்?” என்று கேட்கத் தோன்றும். இங்கே செலவை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது உதவும். கால்வாயும் அணையும் நின்றுகொண்டிருக்கவே ஆகும் செலவு ஒன்று. தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அது ஆகும், லிஃப்ட் பராமரிப்பு மாதிரி. ஊருக்குப் போயிருந்த மாதத்துக்கும் அதைக் கட்டுகிறோம் அல்லவா? வரும் தண்ணீருக்கேற்ப ஏறி இறங்குவது மற்றொன்று. முதலாவதைக் கட்டுவது நம் கடமை. வாக்களித்த உறுதி வருடாவருடம் குறைகிறபோது அந்த முதலாவதன் விகிதத்தையும் திரும்ப எழுதச் சொல்வது நம் உரிமை. இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவதால்தான் ஆந்திரத்தோடு நிலுவைப் பேச்சு முடிவதே இல்லை.

பத்து, பதினைந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு ஏரிக்கும் இந்தக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும் என்பது என் வேண்டுகோள். செம்பரம்பாக்கத்தில் மிச்சமிருக்கும் ஆயக்கட்டு எவ்வளவு, குடிநீருக்கு எவ்வளவு இடம், வெள்ளத்துக்கு எவ்வளவு இடம், ஒவ்வொன்றும் எந்த மாதத்தில், விட்டுக்கொடுப்பவருக்கு என்ன ஈடு. இதை ஒரு தாளில் எழுதிப் பொதுவில் வைத்தால், அடுத்த பெருமழையில் மதகைத் திறக்கும் பொறியாளர் தனியாக நிற்க வேண்டியிருக்காது. நாம் எதற்குச் சம்மதித்தோம் என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

அதுவரை நாம் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. குடிநீர் வாரியம் ஒவ்வொரு நாளும் ஏரிகளின் இருப்பை வெளியிடுகிறது. கோடையில் நாம் எல்லாரும் அதைப் பார்ப்போம், எவ்வளவு மீதி என்று. வருகிற ஐப்பசியிலும் ஒரு நாள் பாருங்கள். செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவான 3,645-லிருந்து அன்றைய இருப்பைக் கழியுங்கள். வரும் எண்தான் அன்று சீனிவாசபுரத்துக்காக ஏரியில் காலியாக இருக்கும் இடம்.